அழுக்கு அடுப்பு

நான் உட்கார்ந்தது ஒரு மர ஸ்டூலில் என்றுதான் எனக்கு ஞாபகம். ரேடியோ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்த என் ஆய்வகத் தோழன், இல்லை என்கிறான். கவிழ்த்துப் போட்ட நீல வாளி, அதன் அடியில் ஒரு விரிசல்கூட இருந்தது, நீ எழுந்தபோது பின்பக்கம் வட்டமாகத் தூசி ஒட்டியிருந்தது என்கிறான். அவனுக்குப் பேச்சு அதிகம். பேசிப் பேசியே அந்தக் காலையை அவன் தேய்த்து வேறு வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம். நான் யாரிடமும் பேசாமல் உள்ளேயே வைத்திருந்து அதைப் பூசணம் பிடிக்க விட்டிருக்கலாம். ஞாபகத்துக்கு இரண்டில் எது அதிகக் கெடுதல் என்று தெரியவில்லை. வெளியே மழை பெய்ததா என்பதும் எனக்கு உறுதியில்லை. எழச் சொன்னபோது நான் எழுந்திருக்கவில்லை என்பது மட்டும் உறுதி. அதை இதுவரை யாரும் மறுத்ததில்லை.

அப்போது நான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் செராமிக் ஆய்வகத்தில் திட்ட உதவியாளராக இருந்தேன். அரைப்பது, சலிப்பது, அச்சில் வைத்து அழுத்துவது, சுடுவது, பிறகு பாத்திரம் கழுவுவது. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தவர்கள் செய்ததும் இதே வேலைதான். அவர்கள் செய்தால் அது அவர்களுடைய ஆராய்ச்சி. நான் செய்தால் உதவி. ரேடியோ அப்படிச் சேர்ந்து மூன்றாம் வருடத்தில் இருந்தான். காலையில் கதவைத் திறக்கும்போது ஆரம்பிக்கும் வாய், மாலையில் பூட்டும்போதுதான் மூடும். எனக்குக் ‘கல்லு’ என்று பெயர் வைத்தவனும் அவன்தான். ஒரு கேள்வி கேட்டுவிட்டு என் பதிலுக்காகக் காத்திருந்து, நடுவில் போய் டீ குடித்துவிட்டு வந்து, அப்போதும் பதில் வராமல் வைத்த பெயர். எனக்கு அதில் வருத்தமில்லை. மண்ணைச் சுட்டுக் கல்லாக்குகிற இடத்தில் அது ஒன்றும் கேவலமான பெயர் அல்ல.

அந்த வருடம் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரே ஒரு முனைவர் பட்ட இடம் வந்தது. ‘பொருளறிவியலும் நீடித்த தொழில்நுட்பமும்’ என்று தலைப்பிட்ட அறிவிப்பை லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நான் அதைக் கடக்கும்போதெல்லாம் புதிதாகப் படிப்பதுபோல நின்று படித்தேன். நிலையத்தின் விதிப்படி ஒருவர் இரண்டு முறைதான் நேர்காணலுக்கு வரலாம். முதல் முறை எனக்கு முடிந்துபோயிருந்தது. அன்று அவர்கள் கேட்ட கேள்விக்கு நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, நன்றி, போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பதில் வந்து சேர்ந்தபோது நான் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தேன்.

ஆக, மிச்சம் இருந்தது ஒரு முறை. அதுவும் போனால், தரை ஓடு விற்கும் ஒரு கடையில் அண்ணன் எனக்காகச் சொல்லி வைத்திருந்த வேலை. அவன் கெட்டவன் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, அங்கேயும் ஓடு, இங்கேயும் ஓடு, அங்கே உனக்கு யாரும் பரீட்சை வைக்கமாட்டார்கள் என்பான். நான் போனைக் காதில் வைத்தபடி இருப்பேன். சரி, லைன்ல இருக்கியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

எங்கள் ஆய்வகம் செய்துகொண்டிருந்தது, களிமண்ணையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் கலந்து உள்ளங்கை அகல வில்லைகள். தண்ணீரை வடிகட்டுவதற்கு. வில்லைக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்க வேண்டும், அதே சமயம் அது உடையாமலும் இருக்க வேண்டும். உடையாமல் இருக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட வேண்டும். அவ்வளவு சூட்டுக்கு அவ்வளவு எரிபொருள். வீணாகப் போகும் சாம்பலில் செய்கிறோம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அதைச் சுடுவதற்கு இன்னொரு மலை நிலக்கரியை எரித்தால் என்ன நியாயம்? இதுதான் என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த விஷயம். குறைந்த சூட்டில் கெட்டியாகும் வில்லை வேண்டும். வெந்ததா வேகாததா என்று பார்க்க நாங்கள் முதலில் எந்தக் கருவிக்கும் போகமாட்டோம். ஒரு ஸ்டீல் ஸ்பூனால் தட்டுவோம். வெந்திருந்தால் ‘டிங்’ என்று கேட்கும். இல்லாவிட்டால் ‘டொக்’.

ஆய்வகத்தில் இரண்டு மின்சார உலைகள் இருந்தன. வாய்ப்பழக்கத்தில் எல்லோரும் அடுப்பு என்றுதான் சொல்வோம். ஒன்று சுத்த அடுப்பு. உள்ளே பால்போல வெள்ளைச் சுவர், கையுறை இல்லாமல் கதவைத் தொடக்கூடாது, அதற்கு முன்பதிவு வேண்டும். இன்னொன்று அழுக்கு அடுப்பு. எங்களுக்கெல்லாம் முந்தையது, கதவு கீல் தொங்கிப்போய், ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துத்தான் மூட வேண்டும். சோதனைக்கு எதை வேண்டுமானாலும் அதில் போடலாம். ஆனால் கட்டுரையில் வரப்போகிற எதையும் அதில் சுடக்கூடாது. ஆய்வகத்துக்கு வந்த முதல் நாளே சொல்லித்தரும் சட்டம் இது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. அழுக்கு, அவ்வளவுதான்.

சுத்த அடுப்பை ரேடியோ வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருந்தான். எனக்கு ஒரு புதுக் கலவையைப் பார்க்கும் அவசரம். கொஞ்சம் வெந்தாலும் போதும் என்று எண்ணூற்றைம்பது டிகிரியில் அழுக்கு அடுப்பில் வைத்தேன். மறுநாள் எடுத்துத் தட்டினேன்.

டிங்.

ரேடியோ பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். அதுவே ஒரு சம்பவம். மறுபடி தட்டச் சொன்னான். எட்டு வில்லையும் அதே மாதிரி பாடின. ஆயிரத்து நூறில்கூட அந்தச் சத்தம் எங்களுக்கு வந்ததில்லை.

பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் சத்தம் போட்டுப் பேசாத மனிதர். எதைச் சொன்னாலும் ‘பார்ப்போம்’ என்பார். அன்று பார்ப்போம் என்று சொல்லவில்லை. வில்லையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரம் ஆய்வுத் திட்டப் பரிசீலனைக் கூட்டம் இருந்தது, அதில் காட்டிவிடலாம் என்றார். நான் வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னேன்.

“இது அழுக்கு அடுப்புல சுட்டது, சார்.”

“அதனால என்னம்மா? சூடு சூடுதான்.”

கூட்டத்தில் காட்டினார். கைதட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகுதான் சுத்த அடுப்பு எனக்குக் கிடைத்தது. அதே மண், அதே சாம்பல், அதே அச்சு, அதே சூடு. எடுத்துத் தட்டியபோது ‘டொக்’ என்றுகூடக் கேட்கவில்லை. ஸ்பூன் பட்ட இடத்தில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மறுபடி செய்தேன். மறுபடி உதிர்ந்தது.

பேராசிரியர் உதிர்ந்த பொடியை விரலால் ஒதுக்கிவிட்டு, முதல் தடவை சூட்டைத் தவறாக வைத்திருப்பாய் என்றார். அவ்வளவு நிதானமாகச் சொன்னார். ரேடியோ அழுக்கு அடுப்பின் சூடு காட்டும் கம்பியைக் கழற்றி, வேறொரு கம்பியோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எனக்காக வாதாடினான். கூட்டத்தில் கைதட்டு வாங்கிய மனிதருக்கு அது காதில் ஏறவில்லை. அவருடைய கவலையும் எனக்குப் புரிந்தது. இன்னும் சில வாரத்தில் அதே ஆட்கள், அந்த வில்லை என்ன ஆச்சு என்று கேட்பார்கள். கவனமில்லாத ஓர் உதவியாளர் செய்த தவறு என்பது சொல்வதற்குச் சுலபமான பதில். ஆனால் அந்தப் பதில் என் நேர்காணலுக்கு முன்னால் நான்கு சுவருக்குள் ஒருமுறை சொல்லப்பட்டுவிட்டால், எனக்கு அதற்கப்புறம் படிக்கட்டுதான்.

எதையாவது யோசிக்க வேண்டுமென்றால் எனக்கு நிறைய அமைதி தேவைப்படும். சில நாட்கள் அழுக்கு அடுப்பின் முன்னால் நின்று அதன் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்சுவரின் கற்கள் வெள்ளையாக இல்லை. மஞ்சளும் பழுப்புமாக, மேலே ஒரு பளபளப்பு, சர்க்கரைப் பாகு காய்ந்துபோன மாதிரி. நான் பார்ப்பதைப் பார்த்து ரேடியோ தன்பாட்டுக்கு ஒரு கதையை எடுத்துவிட்டான். எங்களுக்கு முன்னால் இருந்த குழு இதில் வருடக்கணக்காகக் கண்ணாடி உருக்கியதாம், கண்ணாடி சீக்கிரம் உருகுவதற்காக வெங்காரத்தை, அதாவது போராக்ஸ் உப்பை, அள்ளி அள்ளிப் போடுவார்களாம், ஒருநாள் பொங்கி வழிந்து அடுப்பே நாசமாகப் போகப் பார்த்ததாம். அவன் அதிலிருந்து வேறு கதைக்குத் தாவிவிட்டான். நான் முதல் கதையிலேயே நின்றுவிட்டேன்.

வெங்காரம் போட்டால் கண்ணாடி மட்டுமா சீக்கிரம் இளகும்? மண்ணும் இளகும். நான் என் கலவையில் அதைப் போடவில்லை. ஆனால் அந்தச் சுவர் அதை வருடக்கணக்காகக் குடித்து வைத்திருக்கிறது. சூடாகும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக விடுகிறது என்றால்?

அதைச் சோதிப்பது சமையலைவிடச் சுலபம். அழுக்கு அடுப்பில் ஒரே நேரத்தில் இரண்டு வில்லைகள் வைத்தேன். ஒன்று திறந்தபடி. இன்னொன்று இறுக்கமாக மூடிய பீங்கான் டப்பாவுக்குள். இரண்டுக்கும் அதே சூடு. வெளியே எடுத்தபோது திறந்திருந்தது பாடியது. மூடியிருந்தது உதிர்ந்தது. மறுபடி, இடத்தை மாற்றி வைத்துச் செய்தேன். மறுபடி அதே. சூடு சூடுதான் என்பது சரியில்லை.

பேராசிரியர் இரண்டையும் பார்த்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, அழுக்கை வைத்து யாரும் ஆராய்ச்சி செய்வதில்லை, நாளைக்கு இன்னொருவர் இதைச் செய்து பார்க்க அவருக்கு எங்கே போய் இந்த அடுப்பு கிடைக்கும் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்வதுதான் ஆராய்ச்சி என்று எனக்குத் தோன்றியது. நான் அதைச் சொல்வதற்குள் அவர் இன்னொன்றும் சொன்னார். அழுக்கு அடுப்பின் உள்கற்களை உடைத்துப் போட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு ஏற்கெனவே ஏற்பாடாகிவிட்டது. மெக்கானிக் வருவார். நேர்காணலில் நான் ரேடியோவின் வேலையைத் தொடர்வதாகச் சொல்லிக்கொள்ளலாம், பாதுகாப்பான தலைப்பு, அவரும் எனக்காக இரண்டு வார்த்தை பேசுவார்.

கற்கள் போனால் என்னிடம் இருப்பது, ஒருமுறை பாடிய பத்துப் பதினைந்து வில்லைகள். அவற்றை இனி யாரும் நம்பப்போவதில்லை.

மெக்கானிக் வந்த காலையைத்தான் முதலில் சொன்னேன். தோளில் பை, கையில் சுத்தியலும் உளியும். கதவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பையைத் திறந்தார். நான் ஸ்டூலையோ வாளியையோ இழுத்துப் போட்டு, அடுப்பின் வாய்க்கு நேர் முன்னால், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். யோசித்துச் செய்ததா என்றால், இல்லை. நான் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

மெக்கானிக் கொஞ்சம் நேரம் பொறுத்தார். தொண்டையைச் செருமினார்.

“மேடம், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தீங்கன்னா நல்லாயிருக்கும். தூசி படும்.”

நான் தள்ளவில்லை.

“உடம்புக்கு ஏதும் முடியலையா?”

தலையை ஆட்டினேன். அவர் ரேடியோவைப் பார்த்தார்.

“அது அப்படித்தான் அண்ணே,” என்றான் ரேடியோ. “எங்க ஆய்வகத்துல ரெண்டு வகைக் கல்லு இருக்கு. ஒண்ணை உங்க உளி உடைக்கும்.”

மெக்கானிக்குக் கோபம் வரவில்லை. மதியத்துக்குள் இன்னோர் இடத்தில் ஒரு பாய்லர் வேலை இருக்கிறது, இங்கே பஞ்சாயத்து முடிகிறவரை நிற்க முடியாது என்று முணுமுணுத்தார். ரேடியோ போய்ப் பேராசிரியரைக் கூட்டிவந்தான். கூட்டிவந்தது எனக்கு எதிராகவா, எனக்காகவா என்று பிறகு கேட்டேன். வேடிக்கை பார்க்கத்தான் என்றான்.

பேராசிரியர் கதவருகே நின்றார். அக்கம்பக்கத்து அறைகளிலிருந்து நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

“எழுந்திரும்மா.”

நான் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

“இது சின்னப் பிள்ளைங்க விளையாட்டு.”

“நேர்காணல் முடியட்டும் சார். அதுவரைக்கும் இந்தக் கல்லு இருக்கட்டும்.”

“இதை நீ அங்க பேசினா, நான் உனக்காக வாயைத் திறக்க மாட்டேன். தெரிஞ்சுதான் பேசறியா?”

இதற்கும் நான் நேரம் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் காத்திருந்தார்கள். முதுகில் அடுப்பின் வாயிலிருந்து ஜில்லென்று ஒரு காற்று வந்தது. சுடாத அடுப்பு இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

“தெரிஞ்சுதான் சார்.”

அவர் போய்விட்டார். மெக்கானிக் கதவை மறுபடி மாட்டி, முட்டுக் கல்லையும் கவனமாகத் திருப்பி வைத்தார். பாய்லர் வேலை இழுக்கும், அடுத்த மாதம்தான் வரமுடியும் என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுக் கிளம்பினார். என் போராட்டத்தின் பாதி வெற்றி அந்தப் பாய்லருக்குச் சேர வேண்டியது.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. ரேடியோ அண்ணனுக்குத் தெரிந்தவன், ரேடியோ என்றால் ஒலிபரப்பத்தானே செய்யும். அம்மா சமையலறையில் முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

“அடுப்பு முன்னாடி உட்காரக் கூடாதுன்னுதான் உன்னைப் படிக்க வெச்சேன். இத்தனை படிச்சு, கடைசியில போய் அடுப்பு முன்னாடியே உட்கார்ந்தியா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. சாப்பாட்டைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினார். நான் பாதி சாப்பிட்ட பிறகு, எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“எழுந்திரிக்கச் சொன்னாங்களாமே.”

“ம்.”

“யாரு? பெரிய சாரா?”

“ம்.”

“எழுந்தியா?”

“இல்லம்மா.”

அம்மா என் தட்டைப் பார்த்தார். என் மௌனம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. வெகுநேரம் கழித்து, இன்னொரு கரண்டி போட்டுவிட்டுச் சொன்னார்.

“அப்போ இனிமே எழுந்திரிக்காத.”

நேர்காணல் அறையில் நீளமான மேசை. நடுவில் நிலையத்தின் தலைவர். ஒரு பக்கம் எங்கள் பேராசிரியர். மறுபக்கம் வேறோர் ஊரின் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் நிபுணர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் ரேடியோவின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வில்லைகளை மேசையில் வைத்துச் சட்டைப்பையிலிருந்து ஸ்பூனை எடுத்தேன். ஒன்றைத் தட்டினேன். இன்னொன்றைத் தட்டினேன். உதிர்ந்தது மேசை விரிப்பில் சிதறியது. தலைவர் விரிப்பைத்தான் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுக்கு அடுப்பு, மூடிய டப்பா, திறந்த வில்லை, சுவர் விடும் ஆவி. எதிலிருந்து, எவ்வளவு, எந்தச் சூட்டில் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் நான் செய்ய நினைக்கும் ஆராய்ச்சி என்றேன்.

தலைவருக்குப் பழைய கூட்டம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பரிசீலனைக் கூட்டத்தில் காட்டிய வில்லை இதுதானா, அழுக்கு அடுப்பில் சுட்டதை எப்படி நல்ல முடிவு என்று காட்டினீர்கள் என்று என்னைக் கேட்டார். என்னைத்தான் கேட்டார். பேராசிரியரின் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. அவர் சொன்ன வார்த்தை என் நாக்கின் நுனியில் இருந்தது. சொன்னது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அதனால் அடுப்பைப் பற்றி யாருக்கும் ஒன்றும் கூடுதலாகத் தெரிந்துவிடப் போவதில்லை.

“அன்னைக்கு எங்க எல்லாருக்குமே சூடு சூடுதான் சார். இப்போ எனக்கு அப்படி இல்ல.”

பேனா கீழே இறங்கியது. பேராசிரியர் தலையை நிமிர்த்தவில்லை. சொன்னபடி வாயையும் திறக்கவில்லை.

அந்தப் பெண் நிபுணர் வில்லையை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினார்.

“இது குடிக்கிற தண்ணிக்குத்தானே? சுவர்ல இருந்து வந்தது வில்லைக்குள்ள போயிருக்குன்னு நீங்களே சொல்றீங்க. வில்லையில இருந்து தண்ணிக்குப் போகாதா?”

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. இரண்டு அடுப்புக்கும் நடுவே நான் ஓடிக்கொண்டிருந்ததில், வில்லை எதற்காக என்பதையே கொஞ்சம் மறந்திருந்தேன். நான் யோசித்தேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிடலாம். நேரம் ஆகுது.”

போன தடவை இந்த இடத்தில்தான் நான் எழுந்தேன். இந்தத் தடவை நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“யோசிச்சுட்டு இருக்கேன் சார். முடிச்சுட்டுச் சொல்றேன்.”

யாரோ மூச்சை இழுத்தார்கள். நான் முடித்தேன்.

“தெரியாது மேடம். போகும்னுதான் நினைக்கிறேன். அது எவ்வளவுன்னு தெரியாம இதை யாருக்கும் குடிக்கக் குடுக்கக் கூடாது. அதுக்குத்தான் அந்த அடுப்பு வேணும்னு கேக்கிறேன். உடைச்சிட்டா, இது நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. ஒண்ணும் நடக்கலேன்னு எழுதிட்டுப் போயிடலாம். எனக்கு அப்படி எழுத வராது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். தலைவர் நன்றி, போகலாம் என்றார்.

முடிவு இரண்டு நாளில் அதே பலகையில் வந்தது. தகுதியானவர் எவரும் இல்லை, இடம் காலியாக விடப்படுகிறது என்று. ரேடியோ அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, நேர்காணல் முடிந்த அன்று, லிஃப்டுக்காக நின்ற என் பக்கத்தில் அந்தப் பெண் நிபுணர் வந்து நின்றிருந்தார். அந்தச் சுவரின் கல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அவர்கள் நிலையத்திலும் இதே துறையில் இடங்கள் வரும், எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம், ஆனால் தான் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்றார். ஒரு கல் போதாது என்றேன். மேல்சுவர், பக்கச்சுவர், தரை, மூன்றும் ஒரே மாதிரி குடித்திருக்காது. அவர் என்னைப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் லிஃப்டில் ஏறினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அடுத்த மாதம் மெக்கானிக் வந்தார். உள்ளே நுழையும்போதே என்னைத் தேடினார்.

“இன்னைக்கும் உட்காருவீங்களா மேடம்?”

“இல்ல அண்ணா. உடைக்காம, ஒவ்வொண்ணாக் கழட்டித் தருவீங்களா?”

உடைப்பது ஒரு மணி, கழற்றுவது ஒரு நாள் என்று அலுத்துக்கொண்டார். கழற்றினார். ஒவ்வொரு கல்லிலும் அது எந்தச் சுவர், எந்த வரிசை என்று பென்சிலால் எழுதினேன். அட்டைப் பெட்டிகளில் அடுக்கினேன். வாசலில் காவலாளி, பேராசிரியர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் எதையும் வெளியே விடமாட்டார்.

பேராசிரியரின் அறைக்குப் போனேன். நேர்காணலுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் சீட்டை எடுத்துத் தேதி போட்டு, பொருள் என்ற இடத்தில் ‘கழிவுக் கற்கள்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு என் பக்கம் நீட்டினார். கழிவு என்றால் காவலாளி ஒரு கேள்வி கேட்கமாட்டார். எனக்கு வேண்டியது வெளியே போவதுதான். வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

நான் வாங்கவில்லை. கையைக் கட்டியபடி நின்றேன். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அந்த அறையில் இருந்த மௌனம் நான் அதுவரை இருந்தவற்றில் எல்லாம் நீளமானது. அவருக்கு அது பழக்கமில்லை. எனக்குப் பழக்கம். வெளியே யாரோ தள்ளுவண்டியை இழுத்துப் போனார்கள். போன் ஒருமுறை அடித்து நின்றது.

அவர் சீட்டைத் திரும்ப மேசையில் வைத்தார். ‘கழிவுக் கற்கள்’ என்பதை ஒரே கோடாக அடித்தார். மேலே, கொஞ்சம் கோணலாக, ‘ஆய்வு மாதிரிகள்’ என்று எழுதினார். அடித்ததற்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டார்.

“காவலாளி திறந்து பார்ப்பார்,” என்றார்.

“பார்க்கட்டும் சார்.”

பெட்டிகள் வீட்டுக்கு வந்தன. வைக்க வேறு இடமில்லாமல் சமையலறை மூலையில் அடுக்கினேன். அம்மா ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். இப்போ அடுப்பே வீட்டுக்கு வந்திடுச்சா என்று கேட்டுவிட்டு, ஈரம் படாமல் இருக்க அடியில் ஒரு பலகையைத் தள்ளிவிட்டார்.

இனி மிச்சம். அந்தப் பெண் நிபுணரின் நிலையத்தில் முதல் முறை எனக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கிடைத்தது. அவருக்குக் கீழ் அல்ல, வேறொருவருக்குக் கீழ். கற்களிலிருந்து வந்தது வெங்காரத்தின் ஆவிதான். அது வில்லைக்குள் போயிருந்தது. வில்லையிலிருந்து தண்ணீருக்கும் போனது, குடிக்கக்கூடாத அளவில். அதை அப்படியே எழுதினேன். வடிகட்டி ஆகவில்லை. அதே வழியில் சுட்ட தரை ஓடு, குறைந்த சூட்டில் நன்றாக வெந்தது. அதைப் பற்றி எழுதியதற்கு எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பெண் நிபுணர் ஓய்வு பெற்றுவிட்டார். ரேடியோ பட்டம் வாங்கி ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறான். அங்கே அவனைப் பேசச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிறார்கள். பேராசிரியர் வேறு நிலையத்துக்கு மாறிப்போனார், நாங்கள் கடிதம் எழுதிக்கொள்வதில்லை. மெக்கானிக் முழங்கால் வலியால் சுத்தியலை விட்டுவிட்டுப் பாய்லர் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறார். அண்ணன் பேசி வைத்த கடை மூடப்பட்டுவிட்டது. அம்மா என்னோடு இருக்கிறார். அழுக்கு அடுப்புக்குப் புதுக் கல் வைத்தார்கள், இப்போது அதையும் முன்பதிவு செய்ய வேண்டுமாம். பழைய கற்களில் இரண்டு என் மேசையில் இருக்கின்றன. நான் இப்போது முனைவர் பட்ட நேர்காணல்களில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். யாராவது பதில் சொல்ல நேரம் எடுத்தால், காத்திருக்கிறேன்.